நான் போட்ட ‘சரி’

ஆசிரியப் பணியில் முப்பதாண்டுகளைக் கடந்தவன் நான். இத்தனை ஆண்டுகளில் எத்தனை நோட்டுப் புத்தகங்களைத் திருத்தினேன், எத்தனை ஆயிரம் ‘சரி’ போட்டேன் என்று எண்ணிச் சொல்ல இயலாது. சிவப்பு மையில் இழுக்கும் அந்தச் சிறு கோடு ஆசிரியனுக்குக் கைப்பழக்கம். அதைப் பெறுகின்றவருக்கோ ஒரு தீர்ப்பு. அத்தீர்ப்பை நம்பித்தான் அவர் அடுத்த அடியை எடுத்து வைக்கிறார். இந்த உண்மையை எனக்கு உணர்த்தியது சாலையோரத்தில் இடியாப்பம் விற்ற ஒரு தாயின் கணக்குப் புத்தகம்.

ஏறக்குறைய பத்தாண்டுகளுக்கு முன்பு, ஒரு சிறு பட்டணத்துத் தமிழ்ப்பள்ளியில் தலைமையாசிரியராக இருந்தேன். அப்பள்ளியின் பெற்றோரில் பாதிப்பேர் சுற்றுவட்டாரத் தோட்டங்கள் துண்டாடப்பட்டபோது பட்டணத்துக்குக் குடிபெயர்ந்தவர்கள். ஆண்கள் தொழிற்சாலைக்கும் லாரிக்கும் போனார்கள். பெண்களில் பலர் வீட்டிலிருந்தபடியே ஏதேனும் ஒன்றைச் செய்து விற்றார்கள். முறுக்கு, நாசி லெமாக் பொட்டலம், பூச்சரம், சேலைக்கு ரவிக்கை தைத்தல் என்று அவரவர் கைக்கு வந்த தொழில்.

அந்நாளில் ஓர் அமைப்பினர் என்னை நாடி வந்தனர். சிறுதொழில் செய்யும் தாய்மார்களுக்கு வாரம் ஒரு மாலை கணக்கியல் வகுப்பு நடத்த வேண்டும், பள்ளி மண்டபத்தைத் தந்து உதவ வேண்டும் என்றார்கள். ‘மண்டபம் எதற்கு, ஆசிரியரையும் தருகிறேன்’ என்று நானே முன்வந்தேன். ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் கணிதம் படித்தவன் என்ற செருக்கு சிறிது இருந்ததை இப்பொழுது ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

முதல் மாலை பதினெட்டுப் பெண்கள் வந்தனர். பகலில் தங்கள் பிள்ளைகள் அமரும் நாற்காலிகளில் முழங்கால்களை ஒடுக்கிக்கொண்டு அமர்ந்தனர். அமைப்பினர் கொடுத்த கையேட்டைத் திறந்து கரும்பலகையில் எழுதினேன்: பற்று, வரவு, சொத்து, பொறுப்பு, ஐந்தொகை. ஒவ்வொரு சொல்லுக்கும் விளக்கம் தந்தேன். அழகிய தமிழில் கணக்கியல் கற்பிக்கிறோம் என்ற மகிழ்ச்சி எனக்கு. அவர்களும் கையேட்டில் இருந்ததை அப்படியே எழுதிக்கொண்டார்கள். இரண்டாம் வாரம் பதினால்வர் வந்தனர். நான்காம் வாரம் எழுவர். வராதவர்களுக்கு ஆர்வம் போதவில்லை என்று நானாகவே முடிவு கட்டிக்கொண்டேன்.

கடைசிவரை விடாது வந்தவர்களுள் ஒருவர்தாம் நான் சொல்ல வந்த அம்மையார். தொழிற்பேட்டைக்குச் செல்லும் சாலையோரம் காலையில் இடியாப்பம் விற்பவர். துருவிய தேங்காயும் சிவப்புச் சீனியும் வைத்துக் கட்டிய பொட்டலம் ஒன்று இரண்டு வெள்ளி. அவருடைய கணக்குப் புத்தகம் மிகத் தூய்மையாக இருந்தது. அளவுகோல் வைத்துக் கோடிட்டு, நாள்தோறும் எழுதி வருவார். ஒருநாள் கணக்கு இப்படி இருந்தது: விற்பனை 39 பொட்டலம், 78 வெள்ளி. மாவு, தேங்காய், சீனி வாங்கியது 46 வெள்ளி. இலாபம் 32 வெள்ளி. கழித்தலில் பிழையில்லை. சிவப்பு மையில் பெரிதாக ஒரு ‘சரி’ போட்டேன். அதன் கீழே ‘மிக நன்று’ என்றும் எழுதினேன். அவர் முகம் மலர்ந்ததை இன்றும் மறக்க முடியவில்லை. பள்ளிப் படிப்பை மூன்றாம் ஆண்டோடு நிறுத்தியவராம். தம் வாழ்நாளில் ஆசிரியரிடம் ‘மிக நன்று’ வாங்கியது அதுவே முதன்முறை என்றார்.

ஆறு திங்கள் கழித்து, ஒரு பிற்பகலில் அவர் என் அறைக்கு வந்தார். கையில் அதே புத்தகம். நாற்காலியில் அமரச் சொல்லியும் அமரவில்லை.

“ஐயா, இதுல எங்க தப்புன்னு பார்த்துச் சொல்லுங்க. நீங்க சரி போட்டிருக்கீங்க. ஆனா கையில காசு இல்ல.”

அவர் சொன்னதைக் கேட்கக் கேட்க என் உள்ளம் கனத்தது. நாளுக்கு 32 வெள்ளி இலாபம் என்று புத்தகம் சொல்கிறது. ஆசிரியரும் சரி என்று எழுதிவிட்டார். ஆகவே, துணிந்து தொழிலைப் பெருக்கலாம் என்று ஒருவரிடம் கடன் வாங்கிவிட்டார். பெரிய ஆவிப் பாத்திரங்களும் மோட்டார் சைக்கிளோடு இணைக்கும் பக்கவண்டியும் வாங்கினார். வாரம் 90 வெள்ளி கட்டவேண்டும். வாரத்தில் ஆறு நாள் விற்பனை. நாளுக்கு 15 வெள்ளி எடுத்து வைத்தால் போதும், மீதி 17 வெள்ளி இருக்குமே என்று கணக்குப் போட்டார். நடந்தது வேறு. தவணைக்கு முதல்நாள் மாவுக்கு வைத்த காசையும் எடுத்துக் கொடுக்கும் நிலை. மறுநாள் மாவு வாங்க இன்னொருவரிடம் கைம்மாற்று.

இருவருமாக அமர்ந்து கணக்கை மீண்டும் போட்டோம். இம்முறை கையேட்டை மூடிவைத்துவிட்டு அவரையே பேசவிட்டேன். 78 வெள்ளி விற்பனையில் நாளுக்கு 9 வெள்ளியளவு கடன் விற்பனை. தொழிற்சாலைப் பிள்ளைகள் சம்பள நாளில் தருவதாகச் சொல்லி வாங்குவார்கள். பலர் தருவதில்லை, சிலர் வேலை மாறிப் போய்விடுவார்கள். ஆயினும் அது வரவாகவே எழுதப்பட்டிருந்தது. கேஸ் பத்து நாளுக்கு ஒருமுறை வாங்குவது. அது ‘வீட்டுச் செலவு’ என்பதால் புத்தகத்தில் இல்லை. நாளுக்குப் பிரித்தால் 4 வெள்ளி. பெட்ரோலும் பையும் 3 வெள்ளி. 32இல் இவற்றைக் கழித்தால் எஞ்சுவது 16 வெள்ளி. அதில் கடனுக்கு 15 போனால் அவர் கையில் நிற்பது 1 வெள்ளி.

“எத்தனை மணிக்கு எழுந்திருக்கிறீர்கள்?” என்று கேட்டேன்.

“மூணு மணிக்கு. வித்துட்டு வீடு திரும்பப் பத்து ஆயிரும்.”

“உதவிக்கு யாரும் உண்டா?”

அவர் சற்றுத் தயங்கினார். “பெரியவதான். நாலு மணிக்கு எழுப்பி விடுவேன். மாவு பிழிஞ்சு குடுத்துட்டு ஆறு மணிக்குக் குளிச்சுப் பள்ளிக்கூடம் வந்துரும்.”

நான் பேனாவைக் கீழே வைத்தேன். அவருடைய மூத்த மகள் எங்கள் பள்ளியில் ஐந்தாம் ஆண்டில் படித்தவள். வகுப்பில் உறங்குகிறாள் என்று ஆசிரியை இருமுறை என்னிடம் முறையிட்டிருந்தார். ஒரு திங்கட்கிழமை காலைக் கூட்டத்தில் அச்சிறுமியை எழுப்பி நிறுத்தி, ‘உறங்குவதற்கு வீடு இல்லையா?’ என்று எல்லாப் பிள்ளைகள் முன்னிலையிலும் கேட்டவன் நான். அவள் பதில் பேசவில்லை. தாயும் இதுவரை என்னிடம் அதைப் பற்றிக் கேட்டதில்லை. தாயின் ஏழு மணி நேரமும் மகளின் இரண்டு மணி நேரமும் சேர்ந்தால் ஒன்பது. கடனை ஒதுக்கிவிட்டுப் பார்த்தாலும் 16 வெள்ளியை ஒன்பதால் வகுத்தால் மணிக்கு 1 வெள்ளி 78 காசு. நான் ‘மிக நன்று’ என்று எழுதிய கணக்கில் விடுபட்டிருந்த இனங்களுள் ஒன்று அந்தக் குழந்தையின் உறக்கம். கழித்தலைச் சரிபார்த்த ஆசிரியனுக்கு, எதிலிருந்து எதைக் கழிக்க வேண்டும் என்று கேட்கத் தோன்றவில்லை.

அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை. என் தாயார் நினைவுக்கு வந்தார். என் தாயார் எழுதப் படிக்கத் தெரியாதவர். தோட்டத்தில் பால்மரம் சீவியவர். சம்பள நாளன்றும், ஞாயிற்றுக்கிழமை திடலில் பந்தாட்டம் நடக்கும்போதும் வடை சுட்டு விற்பார். யார் யார் எவ்வளவு கடன் என்பது எங்கள் லயத்துச் சுவரில் கரிக்கோடுகளாக இருக்கும். அலமாரியில் இரண்டு டின்கள் இருந்தன. மைலோ டின் வீட்டுக்கு. ரொட்டி டின் மாவுக்கும் எண்ணெய்க்கும். ஒன்றின் காசு மற்றொன்றுக்குப் போகாது. ஒருமுறை ரொட்டி டின்னிலிருந்து ஒரு வெள்ளியை எடுத்து மைப்பேனா வாங்கிவிட்டேன். அந்த ஞாயிற்றுக்கிழமை உளுந்து வாங்கக் காசு குறைந்தது. அம்மா என்னை அடிக்கவில்லை. அடுப்பில் ஏற்றாத வாணலியைக் காட்டி, “இன்னிக்கு வடை உன் சட்டைப்பையில இருக்குடா” என்றார்.

பயிற்சிக் கல்லூரியில் படித்துத் திரும்பிய காலத்தில், அந்த டின்களைப் படியாதவரின் பழக்கம் என்று எண்ணி நகைத்திருக்கிறேன். ஐந்தொகை கற்பிக்கத் தெரிந்த எனக்கு அந்த இரண்டு டின்களைக் கற்பிக்கத் தோன்றவில்லை. ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பதைப் பிள்ளைகளுக்குக் கட்டுரைத் தலைப்பாகத் தருகிறோம். அதன் பொருளை நான் அன்றுதான் உணர்ந்தேன்.

என் பிழையைத் திருத்திக்கொள்ளும் நோக்கில், பிற நாடுகளில் இத்தகைய பெண்களுக்கு எவ்வாறு கற்பிக்கிறார்கள் என்று தேடிப் படிக்கத் தொடங்கினேன். கரீபியன் கடலில் உள்ள டொமினிக்கன் குடியரசில், பெரும்பாலும் பெண்களுக்குச் சிறுகடன் தரும் அடோபெம் எனும் வங்கியோடு இணைந்து ஆய்வாளர் மூவர் ஒரு சோதனை நடத்தினர். அதன் முடிவு 2014இல் வெளிவந்தது. சிறுவணிகரில் ஒரு பிரிவினருக்கு முறையான கணக்கியல் கற்பிக்கப்பட்டது. மற்றொரு பிரிவினருக்குச் சில எளிய நடைமுறை விதிகள் மட்டும் கற்பிக்கப்பட்டன. அவற்றுள் முதன்மையானது, வணிகக் காசை ஓர் இழுப்பறையிலும் வீட்டுக் காசை மற்றோர் இழுப்பறையிலும் வை என்பது. முறையான கணக்கியல் கற்றவர்களிடம் குறிப்பிடத்தக்க மாற்றம் இல்லை. எளிய விதி கற்றவர்களிடம் தெளிவான முன்னேற்றம் தெரிந்தது. அதைப் படித்தபோது அலமாரியில் இருந்த மைலோ டின்னும் ரொட்டி டின்னும் என் கண்முன் வந்து நின்றன.

எளிமையாகக் கற்பிப்பதென்றால் பெண்களின் அறிவைக் குறைவாக மதிப்பது என்று எவரும் கொள்ளலாகாது. இந்தியாவின் மகாராஷ்டிர மாநிலத்தில், சதாரா மாவட்டத்து மஸ்வட் என்னும் ஊரில் நடந்த நிகழ்ச்சி இதற்குச் சான்று. அங்கே சேத்னா காலா சின்ஹா என்ற அம்மையார் கிராமத்துப் பெண்களுக்காக ஒரு வங்கி தொடங்க அனுமதி கோரினார். உறுப்பினர்கள் கைநாட்டு வைப்பவர்கள் என்ற காரணத்தால் விண்ணப்பம் மறுக்கப்பட்டது. அவர் கண்ணீரோடு ஊர் திரும்பியபோது, ‘அழுவானேன், படித்துக்கொள்வோம்’ என்றார்களாம் அப்பெண்கள். பகல் வேலை முடித்துப் படித்தார்கள். சில திங்கள் கழித்து ரிசர்வ் வங்கியின் அலுவலகத்துக்கே அவரோடு சென்றார்கள். எங்களுக்குப் படிக்கத் தெரியாதிருந்திருக்கலாம், எண்ணத் தெரியும். எந்தத் தொகைக்கும் வட்டி சொல்கிறோம், உங்கள் அதிகாரிகளையும் கணிப்பான் இல்லாமல் சொல்லச் சொல்லுங்கள் என்று அறைகூவினார்கள். 1997இல் மான் தேஷி மகளிர் கூட்டுறவு வங்கி பிறந்தது. பின்னர் அவ்வமைப்பே பெண்களுக்கு வணிகப் பயிற்சிப் பள்ளியும் நடத்தலாயிற்று.

அதற்கும் முன்னரே, 1974இல் குஜராத்தின் அகமதாபாத் நகரில் ‘சேவா’ அமைப்பின் பெண்கள் நாலாயிரம் பேர் ஆளுக்குப் பத்து ரூபாய் போட்டுத் தங்கள் வங்கியைத் தொடங்கியிருந்தனர். சேவாவை நிறுவிய இலா பட் அம்மையார் வழிகாட்டினார். கையெழுத்திடத் தெரியாதவர்க்குக் கணக்குப் புத்தகம் எப்படி என்ற கேள்வி எழுந்தபோது புகைப்படம் ஒட்டி அத்தடையைக் கடந்தார்கள். பிற்காலத்தில் அதே வங்கியின் உறுப்பினர்களிடையே ஒரு சோதனை நடந்தது. இரண்டே நாள் வணிகப் பயிற்சி. சிலரைத் தனியே அழைத்தார்கள். சிலரைத் தோழி ஒருத்தியோடு வரச் சொன்னார்கள். 2016இல் வெளிவந்த அதன் முடிவு வியப்புக்குரியது. பயிற்சியின் பயன் தோழியோடு வந்தவர்களிடம்தான் மிகுந்திருந்தது. தனியே வந்து, தனியே திரும்பி, வீட்டுச் சுமைக்குள் புகுந்துவிடும் பெண்ணுக்குக் கற்றதைச் செய்து பார்க்கத் துணிவு எங்கிருந்து வரும்? என் வகுப்பிலிருந்து பதினொருவர் நின்றுபோனதற்கு ஆர்வக் குறைவைக் காரணம் காட்டியது எத்துணைப் பேதைமை!

பயிற்சியால் எல்லாம் ஆகிவிடும் என்று மிகைப்படுத்துவதும் தவறு. இலங்கையில் சிறுதொழில் செய்யும் பெண்களிடையே நடந்த ஆய்வொன்று 2014இல் வெளிவந்தது. பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பின் பயிற்சி முறையே அதில் பின்பற்றப்பட்டது. ஏற்கெனவே தொழில் நடத்திய பெண்களுக்குப் பயிற்சி மட்டும் தந்தபோது இலாபம் கூடவில்லை. பயிற்சியோடு முதலும் தந்தபோது இலாபம் கூடியது. ஆனால், இரண்டாம் ஆண்டுக்குள் அந்த ஏற்றமும் மறைந்தது. புதிதாகத் தொழில் தொடங்க எண்ணிய பெண்களுக்கோ அப்பயிற்சி கைகொடுத்தது. குறைந்த வருவாய்த் தொழிலில் விடியுமுன் எழுந்து உழலும் பெண்ணிடம், கணக்கை நன்றாக எழுது என்று சொல்வதால் மட்டும் வருவாய் பெருகாது. விலையை உயர்த்தவும், வேறு பண்டத்துக்கு மாறவும், சில வேளைகளில் அத்தொழிலையே விட்டுவிடவும் அவளுக்கு வழி தெரிய வேண்டும்.

நம் நாட்டிலும் இம்முயற்சிக்கு ஒரு வரலாறு உண்டு. வங்காளதேசத்தின் கிராமின் வங்கியைப் பின்பற்றி, மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்துக் கல்வியாளர் இருவர் 1986இல் சிலாங்கூரின் வடமேற்குப் பகுதியில் ஒரு முன்னோட்டத் திட்டத்தைத் தொடங்கினர். அதிலிருந்து 1987இல் அமானா இக்தியார் மலேசியா உருவாயிற்று. அதன் வழியாக இந்தியப் பெண்களுக்கென 2024இல் ‘பெண்’ எனும் திட்டம் 5 கோடி வெள்ளி ஒதுக்கீட்டில் தொடங்கப்பட்டது. தெக்குன் நேஷனல் அமைப்பின் ‘ஸ்புமி’ திட்டமும் இந்தியச் சிறுதொழில் முனைவோருக்குக் கடன் வழங்கி வந்துள்ளது. கடனுக்கு வழி பிறப்பது நற்செய்தியே. ஆனால், அந்தக் கடனைத் தாங்க வல்லதா என் தொழில் என்று ஒரு பெண் தனக்குத்தானே கணக்கிட்டுப் பார்க்கத் தெரியாதபோது, கடன் ஏணியாகவும் ஆகலாம், குழியாகவும் ஆகலாம். இதை நான் ஏட்டில் படித்து அறியவில்லை; என் மேசைக்கு எதிரே நின்ற ஒருவரைக் கண்டு அறிந்தேன்.

மறு ஆண்டு வகுப்பை மீண்டும் தொடங்கினேன். இம்முறை கையேடு இல்லை. ஒவ்வொருவரும் ஒரு தோழியோடு வரவேண்டும், இரண்டு டின்கள் கொண்டுவர வேண்டும் என்று சொல்லியனுப்பினேன். மண்டபம் சிரிப்பொலியால் நிறைந்தது. முதல் மாலை முழுவதும் டின்களைப் பற்றியே பேசினோம். இரண்டாம் மாலை கடன் கொடுத்த பட்டியல். மூன்றாம் மாலை, எழுந்தது முதல் படுப்பது வரை தொழிலுக்குச் செலவான மணிகளை எழுதச் சொன்னேன். எழுதி முடித்ததும் நெடுநேரம் ஒருவரும் பேசவில்லை. முறுக்கு சுடும் பெண்மணி ஒருவர்தாம் அமைதியைக் கலைத்தார். “இத்தன மணி நேரம் வேற வீட்டுல வேல செஞ்சா கூலி கேட்டிருப்பேனே” என்றார். பற்று வரவு என்ற சொற்களை ஆறாம் வாரத்தில்தான் சொன்னேன். அப்பொழுது அவற்றுக்கு விளக்கம் தேவைப்படவில்லை.

அந்த வகுப்பைப் பாதிநாள் நடத்தியவர் இடியாப்பக்கார அம்மையார்தாம். தம் பழைய புத்தகத்தைத் திறந்து, எங்கே தவறியது என்று அவரே எடுத்துச் சொன்னார். அதற்கு எவ்வளவு மனவுறுதி வேண்டும்! அவர் பொட்டலத்துக்கு 30 காசு விலை ஏற்றினார். கடனுக்கு விற்பதை நிறுத்தினார். சிலர் முணுமுணுத்தார்கள், சிலர் வேறு கடைக்குப் போனார்கள், பெரும்பாலோர் நின்றார்கள். பக்கத்து வீட்டு அம்மாள் ஒருவரைக் கூலிக்கு அமர்த்திக்கொண்டு மகளை உறங்கவிட்டார். கடன் தீர இரண்டாண்டு பிடித்தது. அவர் செல்வராகிவிடவில்லை, கடனாளியாக இல்லை, அவ்வளவே. அந்தப் பெண்பிள்ளையை ஒருநாள் அறைக்கு அழைத்து, “அன்று கூட்டத்தில் நான் பேசியது தவறு, அம்மா” என்றேன். அவள் நிலத்தைப் பார்த்தபடி “பரவாயில்ல, ஐயா” என்றாள். பிள்ளைகள் நம்மை எளிதாக மன்னித்துவிடுகிறார்கள். அதனால் நம் தவறு சிறிதாகிவிடுவதில்லை.

ஆசிரியப் பெருமக்களே! பள்ளியில் கணிதப் பாடத்தில் ‘வாங்கிய விலை, விற்ற விலை, இலாபம் யாது?’ என்று கேட்கிறோம். அக்கணக்கில் வரும் வணிகர் எழுந்த நேரம் என்ன, அவருக்கு உதவியவர் யார் என்று ஒருநாளாவது கேட்டுப் பாருங்கள். நும் வகுப்பில் உறங்கும் பிள்ளையை அதட்டுமுன் அவள் வீட்டு அடுப்பு எப்பொழுது எரியத் தொடங்கிற்று என்று விசாரியுங்கள். மாணவ மணிகளே! நுங்கள் தாயார் எதையேனும் விற்றுப் பொருளீட்டுகிறார் எனில், இன்றிரவே அவரருகே அமர்ந்து அவர் கணக்கைக் கேளுங்கள். திருத்த வேண்டா, முதலில் கேளுங்கள்.

அந்தப் புத்தகத்தின் பக்கத்தை நானும் திருத்தினேன். அவர் முன்னிலையிலேயே என் ‘சரி’யின் மீது குறுக்குக் கோடிட்டு, அருகில் 16 வெள்ளி என்றும் ஒன்பது மணி நேரம் என்றும் எழுதிக் கையெழுத்திட்டேன். ‘மிக நன்று’ என்பதையும் அடிக்கப் போனபோது அவர் கையை நீட்டித் தடுத்தார்.

“அத விட்டுருங்க ஐயா. கணக்குதான் தப்பு. எழுத்து நல்லாத்தானே இருக்கு.”

அதை அப்படியே விட்டுவிட்டேன்.